பிடியரிசியும் பெயர்ப்பட்டியலும்



இந்தச் சொற்பொழிவு யாருடைய நினைவாக நடக்கிறதோ, அந்த அம்மையார் பல ஆண்டுகள் தம் சபையில் வீடு வீடாகப் போய்ப் பிடியரிசி சேர்த்தவர் என்று குடும்பத்தார் சொன்னார்கள். எனக்குக் கொடுத்த தலைப்பு ‘கிறிஸ்தவ விசுவாசத்தில் தியாகக் காணிக்கை’. தலைப்பு பெரியது. நான் அரிசியிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் வீட்டு அடுப்படியில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஓர் ஓலைக் கொட்டான் இருக்கும். அம்மா உலைக்கு அரிசி அளந்து சுளகில் போடுவாள். களைவதற்கு முன் அதிலிருந்து ஒரு பிடி அள்ளிக் கொட்டானில் போட்டுவிட்டுத்தான் மறுவேலை. பானையிலிருந்து தனியாக எடுக்கமாட்டாள். அன்றைய உலைக்கு அளந்ததிலிருந்தே எடுப்பாள். அந்த வித்தியாசம் எனக்கு விளங்க வெகுகாலம் ஆயிற்று. பானையிலிருந்து எடுத்தால் இருப்பில் ஒரு பிடி குறையும். அது யாருக்கும் தெரியாது. உலை அரிசியிலிருந்து எடுத்தால் அன்றைக்கே யாரோ ஒருவர் தட்டில் குறையும். அது பெரும்பாலும் அவள் தட்டாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் பெண்கள் சங்கத்தார் சாக்கோடு வருவார்கள். கொட்டானை அப்படியே சாக்கில் கவிழ்க்க வேண்டியதுதான். நோட்டு இல்லை, பேனா இல்லை, அளப்பதும் இல்லை. பச்சரிசி, புழுங்கல், ரேஷன் அரிசி எல்லாம் ஒன்றாய் விழும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலயப் பணியாளரான கோவில்பிள்ளை அதைப் படியால் அளந்து விற்பார். கலப்பரிசி ஒரு சீராக வேகாது. ஒன்று குழைகிறபோது இன்னொன்று விறைத்து நிற்கும். ஆகவே கடை விலைக்குப் போகாது. குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள். வாங்குகிறவர்கள் யார்? ஊரில் இருப்பதிலேயே ஏழைகள். அவர்களும் அந்த வாரம் தங்கள் பிடியைச் சாக்கில் போட்டவர்கள்தாம்.

ஒரு பிடி ஐம்பது கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ஒரு பிடி, மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ. இருநூறு வீடுள்ள ஊரில் முந்நூறு கிலோ, அதாவது எழுபத்தைந்து கிலோ மூட்டையில் நான்கு. இது எங்கள் பக்கத்து வழக்கம் மட்டும் அல்ல. மிசோரத்தில் இதை ‘பூஃபாய் தாம்’ என்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பெண்கள் தொடங்கியது. இன்றும் அங்குள்ள திருச்சபையின் வருவாயில் அதற்குக் கணிசமான பங்கு உண்டு.

இப்படிச் சிறுகச் சேரும் காசை நம்பி ஒரு பெரிய காரியத்தைத் தொடங்கினார் வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா. 1902-இல் அவர் யாழ்ப்பாணம் போனார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் கடல் தாண்டித் தொண்டிப் பகுதிக்குத் தங்கள் செலவில் ஊழியர் அனுப்புவதைப் பார்த்தார். அது அவரைத் தைத்தது. திருநெல்வேலியில் அவர்களைவிடப் பெரிய சபை இருக்கிறது. நாம் யாரை அனுப்பினோம்? 1903 பிப்ரவரி 12-ஆம் தேதி பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. ஆளும் நம்முடையவர், பணமும் நம்முடையது, நிர்வாகமும் நம்முடையது என்பது அதன் கொள்கை. அடுத்த ஆண்டே நிஜாம் சமஸ்தானத்துத் தோர்ணக்கல்லுக்கு ஊழியர் போனார். அங்கே பேசுவது தெலுங்கு. திருநெல்வேலிக்காரர் காசு, தாம் ஒருநாளும் பார்க்கப்போகாத ஊருக்கு, தமக்குப் புரியாத மொழிக்குப் போயிற்று. அந்தக் காலத்தில் அந்தச் சபைகளில் பெரும்பாலோர் பனையையும் சொற்ப நிலத்தையும் நம்பிப் பிழைத்தவர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

1912-இல் அசரியா தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர். அவருடைய மக்களில் பெரும்பாலோர் நிலமில்லாத தலித் கூலிகள். அவர்களும் கொடுக்கவேண்டும் என்பதில் அவர் விடாப்பிடியாக இருந்தார். கிறிஸ்தவக் கொடையைப் பற்றி ஒரு நூலே எழுதினார். கூலிக்காரனிடமா கேட்பது என்று இன்று படிக்கிறவர்களுக்குச் சங்கடமாக இருக்கும். எனக்கும் இருந்தது. ஆனால் வாங்கியே பழக்கப்படுத்தப்பட்ட ஒருவனிடம், ‘உன்னிடமும் கொடுக்க ஒன்று இருக்கிறது’ என்று சொல்வது அவனை நிமிரவைக்கும் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அதைச் சொல்கிறவர் எப்படிப்பட்டவர் என்பதைப் பொறுத்த விஷயம் அது.

இனி வேதத்துக்கு வருகிறேன். லேவியராகமத்தில் பாவநிவாரணத்துக்கு ஆடு கேட்கப்படுகிறது. ஆட்டுக்கு வழியில்லாதவனுக்கு இரண்டு புறா. அதற்கும் வழியில்லாதவனுக்குக் கொஞ்சம் மாவு. மூன்றுக்கும் பலன் ஒன்றே. மரியாள் குழந்தை இயேசுவை எருசலேமுக்குக் கொண்டுபோனபோது அந்த வீட்டுக்காரர் கொடுத்தது பறவைக் காணிக்கைதான் என்று லூக்கா எழுதுகிறார். ஆட்டுக்கு வழியில்லாத வீடு அது.

யாத்திராகமத்தில் இன்னொரு காட்சி. ஆசரிப்புக் கூடாரத்துக்கு ஜனங்கள் காலைதோறும் காணிக்கை கொண்டுவருகிறார்கள். வேலைக்காரர்கள் மோசேயிடம் போய், தேவைக்கு அதிகமாக வந்துவிட்டது என்கிறார்கள். இனி யாரும் கொண்டுவர வேண்டாம் என்று பாளயமெங்கும் அறிவிக்கச் சொல்கிறார் மோசே. நான் ஐம்பது ஆண்டாகச் சபைக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். ‘போதும்’ என்று அறிவித்த ஒரு பொருளாளரை இன்னும் பார்க்கவில்லை.

ஏழை விதவையின் இரண்டு காசைப் பற்றி நாம் கேட்காத பிரசங்கம் இல்லை. ஸ்தோத்திரப் பண்டிகைக்கு முந்தின ஞாயிறு அவள் தவறாமல் வந்துவிடுவாள். ஆனால் மாற்கு எழுதிய வரிசையில் படித்துப் பாருங்கள். அவள் வருவதற்குச் சற்று முன்தான், விதவைகளின் வீடுகளை விழுங்குகிற வேதபாரகரை இயேசு கண்டிக்கிறார். அவள் காசு போட்டுவிட்டுப் போனவுடனே, இந்த ஆலயத்தில் கல்லின்மேல் கல் நிற்காது என்கிறார். கி.பி. 70-இல் ரோமர் படை அப்படியே இடித்துத் தள்ளிற்று. அவள் எல்லாரையும்விட அதிகமாகப் போட்டாள் என்று இயேசு சொன்னது உண்மை. ‘நீங்களும் அப்படிச் செய்யுங்கள்’ என்று அவர் சொன்னதாக மாற்கு எழுதவில்லை. பெட்டியைக் காவல் காத்தவர்கள் அந்த இரண்டு காசுக்கு என்ன பதில் வைத்திருந்தார்கள் என்ற கேள்வி அந்தக் காட்சிக்குள்ளேயே இருக்கிறது. நாம் விதவையைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முயன்றவர் பவுல். எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்காக மக்கெதோனியா, அகாயா, கலாத்தியா சபைகளில் அவர் பணம் திரட்டினார். நான் கட்டளையிடவில்லை, அவரவர் மனதில் தீர்மானித்தபடி கொடுங்கள் என்பது அவர் பேச்சு. வறுமையிலும் தாராளமாய்க் கொடுத்த மக்கெதோனியரைக் காட்டிக் கொரிந்தியரைக் கொஞ்சம் சீண்டத்தான் செய்கிறார். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எந்தக் கடிதத்திலும் ஒரு தொகை இல்லை. கொடுத்தவர் ஒருவருடைய பெயரும் இல்லை.

பெயர் இருப்பது வேறோர் இடத்தில். பணத்தைத் தாம் ஒருவரே கையாளக்கூடாது என்பதில் பவுல் கண்டிப்பாக இருந்தார். சபைகள் தெரிந்தெடுத்த ஆட்கள் கூட வரவேண்டும். கர்த்தர் பார்வையில் மட்டுமல்ல, மனிதர் பார்வையிலும் சுத்தமாக இருக்கவேண்டும் என்றார். அப்போஸ்தலர் நடபடிகள் இருபதாம் அதிகாரத்தில் அவரோடு புறப்பட்டவர்கள் பட்டியல் இருக்கிறது: சோபத்தர், அரிஸ்தர்க்கு, செக்குந்து, காயு, தீமோத்தேயு, தீகிக்கு, துரோப்பீம். இவர்கள் இந்தக் காணிக்கைக்குத் துணையாக வந்த சபைப் பிரதிநிதிகள் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். ஆக, கொடுத்தவர் பெயர் மறைந்துவிட்டது. பணத்துக்குப் பொறுப்பேற்றவர் பெயர் எழுதப்பட்டுவிட்டது.

நம்மிடம் இது தலைகீழ். கொடுத்தவர் பெயர் ஒலிபெருக்கியில் போகிறது, கல்வெட்டில் ஏறுகிறது, மின்விசிறி இறக்கையில்கூட உபயம் எழுதியிருக்கிறது. செலவுக் கணக்கு பீரோவில் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு சபையில் ஒரு சாவு. மாதாமாதம் சபைக்குக் கட்டும் சங்கக் காணிக்கை பதினான்கு மாதப் பாக்கி என்று கல்லறைத் தோட்டச் சீட்டைக் கொடுக்கவில்லை. இறந்தவருடைய மகன் வெயிலில் அலைந்து கடன் வாங்கிக்கொண்டு வந்தபிறகே குழி வெட்டினார்கள். ரசீதில் எழுதியிருந்த சொல் ‘காணிக்கை’. அதை நான் வரி என்பேன். தியாகம் என்பது கொடுக்கிறவர் வாய்க்குள்ளேயே இருக்கவேண்டிய சொல். வாங்குகிறவர் அதை உச்சரித்துக் கை நீட்டும்போது அது வேறொன்றாகிவிடுகிறது.

பெயர் போடாவிட்டால் பணம் வராது என்று பொருளாளர்கள் சொல்வார்கள். அந்தப் பயம் நியாயமில்லை என்று நான் சொல்லமாட்டேன். கூரை ஒழுகுகிறபோது தத்துவம் பேசமுடியாது. ஆனால் பெயரே இல்லாத ஒரு சாக்கு வாராவாரம் நிரம்பியதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்கள் அரிசி எங்கே போகிறது என்று அறிந்திருந்தார்கள். அளந்து விற்றது அவர்கள் கண்முன்னால். விற்ற பணத்தை எண்ணியதும் அங்கேயே, ஆலயத் திண்ணையில்.

இங்கே வந்திருக்கும் சேகரச் செயலர்களிடமும் பொருளாளர்களிடமும் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டறிக்கை அச்சுக்குப் போகும்போது, நன்கொடையாளர் பட்டியலுக்கு ஒதுக்கிய பக்கங்களில் செலவுக் கணக்கைப் போடுங்கள். கீழே கையெழுத்திட்டவர்களின் பெயர்களை மட்டும் தெளிவாக அச்சிடுங்கள்.