ஏட்டுப் பணமும் கைப் பணமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இசையும் நாடகமும் காத்திருக்கும் வேளையில் கணக்கைப் பற்றிப் பேச ஒருவன் வந்து நிற்கிறானே என்று சிலர் எண்ணக்கூடும். பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரியும் நான் பெரிய கணக்கறிஞன் அல்லன். எனினும், நம் காலனியில் வீட்டுக்கு வீடு எழுகின்ற ஒரு கேள்வியே என்னை இம்மேடைக்கு அழைத்து வந்திருக்கிறது.

தந்தை ஓய்வு பெறுகிறார். பணிக்கொடையும் சேமநிதியும் கைக்கு வருகின்றன. மகன் ஒரு சிறு பட்டறை நடத்துகிறார். "வியாபாரம் நன்றாக நடக்கிறது, அப்பா, இன்னும் சிறிது முதல் இருந்தால் போதும்" என்கிறார். கொடுக்கலாமா? விற்பனை எவ்வளவு, இலாபம் எவ்வளவு என்ற இரண்டு கேள்விகளோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. விற்ற பணம் எத்தனை நாளில் கைக்கு வருகிறது? இதற்கு விடை தருவதையே கணக்கியலார் "கடனாளிகள் சுழற்சி விகிதம்" என்பர்.

ரயில்வேக் குடும்பங்களுக்கு இக்கருத்து புதிதன்று. ஒரு வேகன் சரக்கை ஏற்றிச் சென்று, இறக்கி, மீண்டும் அடுத்த சரக்கை ஏற்றும் வரை ஆகும் நாட்களை "வேகன் டர்ன் ரவுண்டு" என்கிறோம். நாட்கள் குறைந்தால் உள்ள வேகன்களைக் கொண்டே மிகுதியான சரக்கை அனுப்பலாம். கூடினால், வேகன்கள் பல இருந்தும் பற்றாக்குறைதான். பணமும் அப்படியே. சரக்காகச் சென்று, கடனாக நின்று, ரொக்கமாகத் திரும்பிய பின்னரே அது அடுத்த சுமையை ஏற்கும்.

கணக்கிடும் முறை எளிது. ஆண்டுத் தொடக்கத்தில் வாடிக்கையாளரிடமிருந்து வரவேண்டிய நிலுவையையும், ஆண்டிறுதி நிலுவையையும் கூட்டிப் பாதியாக்குக. அதுவே சராசரி நிலுவை. அவ்வாண்டின் கடன் விற்பனையை அதனால் வகுத்தால், நிலுவை ஆண்டில் எத்தனை முறை ரொக்கமாகிறது என்பது தெரியும். 365-ஐ அவ்வெண்ணால் வகுத்தால் வசூலாகும் நாட்கள் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக இரண்டு பட்டறைகளைக் கொள்வோம். இரண்டிலும் கடன் விற்பனை 24,00,000 ரூபாய். இலாபம் 1,20,000 ரூபாய். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் தவணை 30 நாட்கள். முதற்பட்டறையின் நிலுவை தொடக்கத்தில் 1,90,000, இறுதியில் 2,10,000. சராசரி 2,00,000; சுழற்சி 12 முறை; வசூல் ஏறத்தாழ 30 நாட்கள். சொன்ன சொல்லும் வந்த பணமும் ஒத்திருக்கின்றன. இரண்டாம் பட்டறையின் நிலுவை தொடக்கத்தில் 3,00,000; இறுதியில் 5,00,000. சராசரி 4,00,000, சுழற்சி 6 முறையே, வசூல் ஏறத்தாழ 61 நாட்கள்.

இலாபம் ஒன்றே, நிலைமை வேறு. இரண்டாம் பட்டறையில் ஓராண்டில் மட்டும் 2,00,000 ரூபாய் புதிதாக நிலுவையில் சிக்கியது. இலாபமோ 1,20,000 தான். மற்ற இனங்கள் மாறாதிருந்தால், எஞ்சிய 80,000 ரூபாயைக் கடன் வாங்கியோ, இரும்புக் கடைக்காரருக்குக் கொடுக்காமல் நிறுத்தியோ சமாளித்திருக்க வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இதுவே. இந்நிலையில் தந்தை கொடுக்கும் சேமநிதி லேத்து இயந்திரம் வாங்கப் போவதில்லை. முன்பின் அறியாத வாடிக்கையாளருக்கு வட்டியில்லாக் கடனாகவே போய்ச் சேரும்.

இவ்விகிதத்தைப் பார்க்கும்போது சில எச்சரிக்கைகள் தேவை. ரொக்க விற்பனையைச் சேர்த்து வகுத்தால் சுழற்சி பொய்யாக உயர்ந்து தோன்றும். நிலுவையில் ஜி.எஸ்.டி. வரி அடங்கியிருக்கும், ஏட்டின் விற்பனைத் தொகையில் அடங்கியிராது. இரண்டையும் ஒரே வகையாக்கி ஒப்பிட வேண்டும். மார்ச்சு மாதத்தில் மட்டும் சரக்கு மிகுதியாகச் செல்லும் தொழிலில் ஆண்டிறுதி நிலுவை ஏமாற்றும். பன்னிரண்டு மாத நிலுவைகளின் சராசரியே நம்பத்தக்கது. மேலும், சுழற்சி மிக உயர்ந்திருப்பதும் எப்போதும் நன்மையன்று. தவணையே கொடாமல் நல்ல வாடிக்கையாளரை விரட்டினாலும் எண் உயரும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, சராசரி மறைப்பதைக் காண்பது. எல்லோரும் இரண்டு மாதத்தில் கொடுத்தாலும் 61 நாட்கள் வரும். பலர் 30 நாளில் கொடுக்க, ஒருவர் மட்டும் ஓராண்டாகக் கொடாதிருந்தாலும் 61 நாட்கள் வரலாம். முன்னதற்கு மருந்து பொதுவான கண்டிப்பு; பின்னதற்கு மருந்து அந்த ஒருவருக்குச் சரக்கை நிறுத்துவது. ஆகவே பெயர், பில் தேதி, தொகை எழுதிய வயதுவாரிப் பட்டியலையும் கேட்டு வாங்க வேண்டும். கம்பெனிகளின் ஆண்டறிக்கையில் இவ்விகிதமும் வயதுவாரிப் பட்டியலும் இடம்பெற வேண்டும் என்ற விதி 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. விகிதம் முந்தைய ஆண்டைவிட 25 விழுக்காட்டுக்கு மேல் மாறினால் காரணமும் கூற வேண்டும். பங்கு வாங்குவோர் இதனைப் படித்தல் நலம்.

சிறு தொழிலினருக்குச் சட்டமும் துணை நிற்கிறது. வேகனைக் குறித்த நேரத்திற்கு மேல் நிறுத்தி வைத்தால் டெமரேஜ் விதிக்கிறோம் அல்லவா? அதுபோல, 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, முறையாகப் பதிவு பெற்ற குறு, சிறு தொழிலாரிடம் சரக்கை ஏற்றுக்கொண்டவர், எழுத்து ஒப்பந்தம் இருப்பினும் 45 நாட்களுக்கு மேல் தவணை கொள்ளலாகாது. ஒப்பந்தம் இல்லையேல் 15 நாட்கள். தவறினால், ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டி. ஆனால் பில்லும், சரக்கு ஏற்றதற்குத் தேதியிட்ட கையொப்பமும் கையில் இருக்க வேண்டும்.

முறுக்கும் வடகமும் செய்து கடைகளுக்குக் கொடுக்கும் தாய்மார்களுக்கும் இக்கணக்கு பொருந்தும். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.

பெரியோர்களே! மகனிடம் பேரேட்டைக் கேட்பது அவர்மீது ஐயம் கொள்வதன்று; அவருடைய உழைப்பின் பயன் எங்கே நிற்கிறது என்று உடன் நின்று பார்ப்பதாகும். நிலுவை விரைந்து திரும்பும் தொழிலென்று கண்டால் மனமுவந்து கொடுங்கள். திரும்பவில்லையெனில், முதலில் இருவருமாகச் சென்று பழைய பாக்கியை வசூலியுங்கள். தேவைப்படும் புது முதலில் ஒரு பகுதி அங்கேயே கிடைக்கக்கூடும்.