காற்றின் நேரமும் நம் நேரமும்



நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியைக் கையில் எடுத்துப் பார்த்தால், சில கட்டிகளில் மரத்தின் நார்வரிகள் இன்னும் அழியாமல் தெரியும். மனிதன் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னே, இதே சூரியனின் ஒளியை உண்டு வளர்ந்த விருட்சங்கள் மண்ணுக்குள் புதைந்து, யுகக்கணக்கில் அழுந்திக் கிடந்து உண்டான அந்தப் பொருளை, நாம் கொதிகலனில் இட்டுச் சில நிமிஷங்களில் எரித்துவிடுகிறோம். அந்த வெப்பத்திலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது.

நிலக்கரியை நிந்திப்பது என் நோக்கமன்று. 1962 முதல் நெய்வேலி அளித்த மின்சாரத்தால் நம் வயல்களில் நீர் பாய்ந்தது, ஆலைகள் ஓடின. அந்த உபகாரத்தை மறப்பது நன்றிகேடு. வேண்டிய வேளையில் வேண்டிய அளவு எரியும் கீழ்ப்படிதலும் அதற்கு உண்டு. ஆனால் சுரங்கத்துக்காக ஊரையும் வயலையும் விட்டுப் பெயர்ந்த குடும்பங்களின் துயரமும், சுரங்கத்தின் அடியில் பொங்கி நிற்கும் ஊற்றுநீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டேயிருக்க வேண்டிய சிரமமும் மின்கட்டண ரசீதில் ஏறுவதில்லை.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு ஆனி, ஆடி மாதங்களில் சென்று பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்று மலைகளின் இடுக்கில் நெருக்குண்டு பாயும்போது, முப்பந்தலின் காற்றாலைகள் ஓய்வின்றிச் சுழலும். அந்தக் காற்றுக்கு விலையில்லை, சாம்பலில்லை. ஆயினும் அது நம் ஏவலுக்குக் காத்திருப்பதன்று. பருவம் மாறினால் தளர்ந்துவிடும். சூரியனோ, வீடுகளில் விளக்கேற்றும் வேளையில் மறைந்துவிடுகிறான். மின்சாரத்தைச் செலவாகும் கணத்திலேயே உற்பத்தி செய்தாக வேண்டியிருப்பதால், இயற்கையின் நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் உள்ள இந்த இடைவெளியே இன்றைய முக்கியப் பிரச்சினை என்பது என் அபிப்பிராயம்.

இதற்கு ஆனைமலையில் ஒரு மார்க்கம் முன்பே கண்டிருக்கிறார்கள். 400 மெகாவாட் திறனுள்ள காடம்பாறை நிலையத்தில், மின்தேவை குறைந்த நேரத்தில் மேல் ஆழியாற்று நீரை மலைமேல் ஏற்றி வைத்து, தேவை மிகும்போது கீழே விட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். ஏற்றச் செலவான மின்சாரம் முழுவதும் திரும்பாது என்பது மெய்தான். என்றாலும் வீணாகப் போகவிருந்த காற்றைச் சேமித்து வைக்க அந்த நஷ்டம் ஏற்கத்தக்கதே. இத்தகைய நீர்த்தேக்கங்களையும் மின்கலங்களையும் பெருக்கும் பணியில், இன்று பொறியியற் பட்டம் பெறும் உங்களிற் சிலரேனும் ஈடுபட வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன்.

நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 2020-இல் தன் பணியை முடித்துக்கொண்டது. அது மின்சாரம் தரத் தொடங்குவதற்கு முப்பதாண்டு முன்னதாகவே, 1932-இல், நீலகிரிச் சரிவில் மின்சாரம் தரத் தொடங்கிய பைக்காரா ஆற்றின் நீர் இன்றும் தந்துகொண்டிருக்கிறது.