இல்லத்திற் கனலும் நெருப்பு
(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



புகைத்தலைப் பற்றிப் பேசவேண்டுமென்று செயலாளர் அவர்கள் கேட்டபோது, நுரையீரலைப் பற்றியும் புற்றுநோயைப் பற்றியும் பேசுவேனென்றே எதிர்பார்த்திருப்பார். அவற்றை வைத்தியர்கள் வேண்டிய அளவு சொல்லிவிட்டார்கள். கேட்டவர்கள் கேட்டார்கள், கேளாதவர்கள் இன்னும் புகைக்கிறார்கள். இன்று யான் பேச வந்தது புகைப்பவரின் நெஞ்சைப் பற்றியன்று. அவரோடு ஒரே கூரையின்கீழ் உறங்குபவர்களைப் பற்றி.

எங்கள் வீடுகளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. இரவு படுக்கப் போகுமுன் அம்மா அடுப்படிக்குப் போய்ப் பார்ப்பார். கொள்ளியை இழுத்துத் தண்ணீர் தெளிப்பார், விளக்கை அணைப்பார், காஸ் அடுப்புள்ள வீடாயின் சிலிண்டரையும் பூட்டுவார். ஆனால், சாய்மனைக் கதிரையிலிருந்து ஐயா புகைத்துவிட்டு வைத்த சிகரெட் துண்டை எவரும் பார்ப்பதில்லை. அது நெருப்பென்றே எங்கள் மனத்திற் படுவதில்லை.

இழுக்கும்போது சிகரெட்டின் நுனி சென்றிகிறேட் 900 பாகை வரை சூடேறுகிறது. எங்கள் பழைய சுருட்டை இழுக்காது வைத்தால் பெரும்பாலும் தானே அணைந்துவிடும். ஆலைச் சிகரெட்டின் தாளிலோ, விடாது எரிவதற்கென்றே சில உப்புக்களைச் சேர்ப்பதுண்டு. வைத்தவர் மறந்தாலும் அது எரிந்துகொண்டேயிருக்கும். அத்துண்டு மெத்தையின் மடிப்பிலோ கதிரை மெத்தையின் இடுக்கிலோ விழுமாயின் உடனே சுவாலை எழுவதில்லை. பஞ்சும் தும்பும் உள்ளுக்குள்ளே கனன்றுகொண்டிருக்கும். ஒரு மணித்தியாலமும் செல்லலாம். இரண்டு மூன்றும் செல்லலாம். அதற்குள் வீடு முழுவதும் உறங்கிவிடும்.

கனலும் மெத்தையிலிருந்து காபன் மொனொட்சைட்டு என்னும் வாயு வெளிவருகிறது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. எங்கள் குருதியிலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைப் பற்றுவதிலும் 200 மடங்குக்கு மேலான வலிமையோடு இவ்வாயுவைப் பற்றிக்கொள்ளும். “புகை மணத்தால் விழித்துக்கொள்வேன்” என்று பலர் சொல்லுகிறார்கள். ஆழ்ந்த உறக்கத்திலிருப்பவரை மணம் எழுப்புமென்று நம்பியிருக்க முடியாது. மது அருந்தியவரையும் நித்திரைக் குளிசை எடுத்தவரையும் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. சுவாலை தோன்றுமுன்பே, ஒருநாளும் புகைத்தறியாத ஒரு பிள்ளை அடுத்த அறையில் மயங்கிக் கிடக்கக்கூடும்.

சில நாடுகள் சிகரெட்டையே திருத்த முற்பட்டன. இழுக்காது விட்டால் அணைந்துவிடும்படி, தாளில் இடையிடையே காற்றுப் புகாத வளையங்களை வைக்கவேண்டுமென்று நியூயோர்க் மாநிலம் 2004 இலும், கனடா 2005 இலும், ஐரோப்பிய ஒன்றியம் 2011 இலும் விதி செய்தன. நல்ல முயற்சி. எனினும் அத்தகைய சிகரெட்டும் ஒவ்வொரு முறையும் அணையுமென்பதற்கு உறுதியில்லை.

பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். புகைப்பதை விடமுடியாவிடின், முற்றத்திலே புகையுங்கள். கட்டிலிற் படுத்துக்கொண்டு ஒருபோதும் புகையாதீர்கள். மணல் நிரப்பிய வாளி ஒன்றை வாசலில் வையுங்கள். துண்டுகள் அதற்குள்ளேயே போகட்டும். குப்பையிற் கொட்டுமுன் அவற்றின்மேல் தண்ணீர் ஊற்றுங்கள். பூச்சாடியைச் சாம்பற் கிண்ணமாக்குபவர்கள் பலர். இப்போது பூச்சாடிகளில் நிரப்புவது வெறும் மண்ணன்று, தும்புத்தூளும் கலந்தது. வெயிலிற் காய்ந்த தும்புத்தூள் மெத்தையைப் போலவே கனலும். கிடுகு வேலியும் ஓலைக் கொட்டிலும் உள்ள வளவுகளிற் சோளகக் காற்று வீசும் மாதங்களில் ஒரு துண்டு என்ன செய்யுமென்பதைப் பெரியோர்களுக்கு யான் சொல்லத் தேவையில்லை. நோயாளிக்கு வீட்டில் ஒட்சிசன் கொடுக்கும் குடும்பங்கள் இன்று பல. அவ்வறையில் எவரும் புகைத்தலாகாது, அந்த நோயாளியுந்தான். ஒட்சிசன் மிகுந்தவிடத்துத் துணியும் தலைமயிரும் ஒரு பொறியிலே பற்றிக்கொள்ளும்.

இனி, பின்வரிசையில் இருக்கும் இளைஞர்களே! இதுவரை பேசியது அப்பாக்களைப் பற்றியென்று சிரித்துக்கொண்டிருந்தீர்கள். வேப் என்று நீங்கள் சொல்லும் இலத்திரன் சிகரெட்டில் தணல் இல்லை என்பது உண்மையே. ஆனால் அதற்குள்ளே லிதியம் அயன் பற்றரி இருக்கிறது. அது பழுதானால், அல்லது பொருந்தாத சாஜரில் மாட்டப்பட்டால், உள்ளே சூடு தன்னைத்தானே பெருக்கிக்கொண்டு போய் இறுதியில் வெடிக்கும். குழாய் வடிவினதாதலால் சிலவேளை வாணம்போற் சீறிப் பாய்வதும் உண்டு. 2009 முதல் 2016 வரை வெளிவந்த செய்திகளை அமெரிக்கத் தீயணைப்பு நிருவாகம் தொகுத்தபோது இத்தகைய 195 நிகழ்ச்சிகள் காணப்பட்டன. அவற்றில் உயிர் போகவில்லை. 2018 மே மாதத்தில், புளோரிடா மாநிலத்தில் ஒருவர் தம் வீட்டிலேயே அது வெடித்து இறந்தார். அவருடைய அறையும் தீப்பற்றியது.

எங்கள் நாட்டிலே புகையிலை அடங்கிய இலத்திரன் சிகரெட்டின் விற்பனை 2016 இல் தடைசெய்யப்பட்டது. இருந்தும் இளைஞர் கைகளில் வேப் இருக்கிறது, அதனால் ஒளிக்கிறார்கள். ஒளிப்பதிலேதான் பேராபத்து. வீட்டாருக்குத் தெரியாமல், எல்லாரும் உறங்கியபின், தலையணையின்கீழ் வைத்து, கைத்தொலைபேசியின் சாஜரில் மாட்டி விடுகிறார்கள். சூடு வெளியேற வழியில்லை, பக்கத்திலே பஞ்சு, பார்ப்பவரோ உறக்கத்தில். இதைவிடத் தீக்கு ஏற்ற இடத்தை வேண்டுமென்று தேடினாலும் காணமுடியாது.

பெற்றோர்களே, நீங்கள் அதை அனுமதிக்கவேண்டுமென்று யான் சொல்லவில்லை. எனக்கும் அதில் உடன்பாடில்லை. ஆனால் பெட்டியைக் கிளறிக் கண்டுபிடித்து அடிப்பதால், பிள்ளை அதை இன்னும் ஆழமாக ஒளிக்கப் பழகுவானேயன்றி வேறில்லை. முதலில், எந்தப் பற்றரியானாலும் இரவில் எவருடைய படுக்கையிலும் சாஜ் ஆகலாகாது என்று விதி செய்யுங்கள். கைத்தொலைபேசிக்கும் அதுவே விதி, உங்களுடையதற்கும் அதுவே. பகலில், சீமெந்துத் தரையிலோ வெறும் மேசையிலோ, கண்ணெதிரே சாஜ் ஆகட்டும். வீங்கிய பற்றரி, தொட்டாற் சுடும் பற்றரி, மணம் வரும் பற்றரி எதையும் மறுபடி மாட்டாதீர்கள். எறிந்த வேப் குப்பையோடு கலந்துவிட்டால், வளவிற் குப்பை எரிக்கும் பாட்டியின் முகத்திலேதான் அது வெடிக்கும்.

மெத்தை புகைவதைக் கண்டால் முதலில் வீட்டிலுள்ளவர்களை எழுப்பி வெளியேற்றுங்கள். 110 ஐ அழையுங்கள். அறை புகையால் நிறைந்திருந்தால் உள்ளே போகாதீர்கள். சிறு கனலாயிருந்து தண்ணீர் ஊற்றி அணைத்திருந்தாலும், அந்த மெத்தையை வீட்டுக்குள் விட்டுவைக்காதீர்கள். உள்ளே எஞ்சிய தணல் மறுபடி பற்றும். முற்றத்தின் நடுவே, வேலிக்கும் கொட்டிலுக்கும் எட்டவாக இழுத்துப் போட்டு, விடியும்வரை ஒருவர் பார்த்திருக்கட்டும்.