மூவிரல் குதிரை

நம் கையின் நடுவிரல் ஒன்றையே ஊன்றி நடப்பதாக எண்ணிப் பார்ப்போம். குதிரை அவ்வாறே நிற்கிறது. அதன் குளம்பு நடுவிரலின் நகம். முன்காலில் முழங்கால் என்று நாம் சொல்லுமிடம் உண்மையில் மணிக்கட்டு. அதற்குக் கீழுள்ள பெரிய எலும்பின் இருபுறமும் ஒட்டி, நிலத்தை எட்டாமலே கூர்ந்து முடியும் மெல்லிய எலும்புகள் இரண்டு உண்டு. அவை மறைந்துபோன விரல்களின் எச்சங்கள்.

அவ்விரல்களோடு வாழ்ந்த குதிரையைத் தேடி நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. வடநாட்டில் வாழும் நம்மவர் பலருக்கு அண்மையிலுள்ள சிவாலிக் குன்றுகளில், 1830-களில் ஃபால்கனரும் காட்லியும் தொல்லெலும்புகளைத் திரட்டினர். ஹிப்பாரியன் இனத்து மூவிரல் குதிரையும் அவற்றுள் ஒன்று. சிவாலிக் பாறைகளில் அவ்வினம் முதன்முதல் தென்படுவது சுமார் 1 கோடியே 7 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னர். அந்நாளில் அங்கே குன்றுகள் இல்லை. ஆறுகள் வண்டல் பரப்பிய சமவெளியே இருந்தது.

ஹிப்பாரியனின் பாரத்தைப் பெரும்பாலும் நடுவிரலே தாங்கியது. பக்கத்து விரல்கள் இரண்டும் சிறு குளம்புகளுடன் சற்றே உயர்ந்து நின்றன. சேற்று நிலத்திலும், விரைந்தோடுகையில் கால் ஆழ வளையும்போதும் அவை ஊன்றுதுணையாகி இருக்கலாம்.

ஆயினும் இதனை அரைகுறைக் குதிரை என்று கருதலாகாது. இன்றைய குதிரையின் மூதாதையும் அன்று. வட அமெரிக்காவில் கிளைத்த தனி மரபு. மூன்று விரல்களுடனேயே அம்மரபு ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா எங்கும் பரவி, ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகள் நிலைத்தது. அத்தனை காலம் வாழ்ந்ததைத் தோல்வி என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?