விழுப்புரத்தில் ஒரு பயோபிக் எடுத்தால்

பயோபிக்ல தப்பு கண்டுபிடிக்கிறது நமக்கெல்லாம் ஒரு பொழுதுபோக்கு. முந்தின ஷாட்ல பாதி டம்ளர் காபி, அடுத்த ஷாட்ல முழு டம்ளர். இது கன்டினியூட்டி தப்பு, சிரிச்சிட்டுப் போயிடலாம். வரலாற்றுத் தப்பு வேற ரகம்.

சிவாஜி கணேசன் பிறந்தது 1928-ல, விழுப்புரத்துல. நாளைக்கு அவரைப் பத்தி ஒரு படம் எடுக்கிறாங்கன்னு வைங்க. முதல் ஷாட்டில் 'விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாடு' என்று எழுத்து போட்டால் ரெண்டுமே தப்பு. அன்னைக்கு இது தென்னாற்காடு மாவட்டம், சென்னை மாகாணம். விழுப்புரம் மாவட்டம் வந்தது 1993-ல. திண்டிவனம் ஸ்டேஷன்ல 'தெற்கு ரயில்வே' போர்டு தெரிஞ்சாலும் தப்பு. அது 1951-ல உருவானது. குழந்தையை 'சிவாஜி'ன்னு கூப்பிட்டா இன்னும் மோசம். வி.சி. கணேசனுக்கு அந்தப் பேர் வந்ததே, நாடகத்துல சிவாஜியா நடிச்சதைப் பார்த்துப் பெரியார் சொன்ன பிறகுதான்.

இதையெல்லாம் ஆர்ட் டிபார்ட்மென்ட் திருத்திடலாம். மனுஷங்களைப் பத்தின தப்பு? 2018-ல 'நடிகையர் திலகம்' வந்தப்போ, ஜெமினி கணேசனைக் காட்டிய விதத்தை அவர் மகள் டாக்டர் கமலா செல்வராஜ் வெளிப்படையாவே மறுத்தாங்க. சாவித்திரி 1981-லயே போயிட்டாங்க, ஜெமினி 2005-ல. பதில் சொல்ல ரெண்டு பேருமே இல்லை. அவங்களை நேர்ல பார்க்காத நம்ம தலைமுறைக்கு, படம்தான் சாட்சி ஆயிடுது.

அதனால டம்ளரை விடுங்க. அடுத்த பயோபிக் பார்க்கும்போது இதைக் கேளுங்க: இந்த சீனை யார் சொன்னாங்க? யாரைக் கேட்காம விட்டாங்க?