ஐந்தடுக்கு வீடு



கட்டடக்கலை என்றதும் கோபுரங்களையும் கோட்டைகளையும் நினைக்கிறோம். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டதோ, அலங்காரம் ஏதுமற்ற ஒரு குடியிருப்பு. சோவியத் நாட்டில் எழுந்த அந்த ஐந்தடுக்கு வீட்டை மக்கள் 'குருஷ்சோவ்கா' என்று அழைத்தனர்.

அது எழுந்த காரணத்தை முதலில் அறிதல் வேண்டும். தொழில் பெருகி நகரங்களில் மக்கள் குவிந்தனர். இரண்டாம் உலகப் போர் பல நகரங்களைத் தரைமட்டமாக்கியது. ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. பல குடும்பங்களுக்கு ஒரே அடுக்களை, ஒரே கழிப்பறை. இதுவே நகரத்துத் தொழிலாளர் பலரின் வாழ்வு. ஸ்டாலின் காலத்தில் மாளிகையொத்த கட்டடங்களும் எழுந்தன. அவற்றில் இடம் பெற்றோர் சிலரே.

1954 டிசம்பரில் கட்டடத் துறையினர் மாநாட்டில் குருஷ்சேவ் அந்த ஆடம்பரத்தைக் கண்டித்தார். 1955 நவம்பரில் மிகை அலங்காரத்தை விலக்கும் ஆணை பிறந்தது. வீட்டுப் பஞ்சத்தைப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் போக்குவதென 1957 ஜூலையில் இலக்கு வகுத்தனர்.

வழி என்ன? வீட்டையே தொழிற்சாலையில் செய்வது! பொறியாளர் விட்டாலி லகுதென்கோ உருவாக்கிய 'கே-7' என்னும் அமைப்பு இதில் புகழ்பெற்றது. கான்கிரீட் சுவர்கள் ஆலையில் வார்க்கப்பட்டு, லாரியில் வந்து, பாரந்தூக்கியால் பொருத்தப்பட்டன. மின்தூக்கிச் செலவைத் தவிர்க்கவே ஐந்து அடுக்கோடு நிறுத்தினர். கூரையின் உயரம் சுமார் இரண்டரை மீட்டர். அடுக்களை சுமார் 6 சதுர மீட்டர்.

குறைகளை மறைத்தல் நேர்மையன்று. சுவர்கள் மெல்லியவை, அடுத்த வீட்டுப் பேச்சும் காதில் விழும். ஊருக்கு ஊர் ஒரே தோற்றம். சில காலத்துக்கென எழுந்தவற்றுள் பலவற்றில் அரை நூற்றாண்டு கடந்தும் மக்கள் குடியிருந்தனர். 2017இல் மாஸ்கோ நகரம் பழைய வீடுகளை இடித்துப் புதியன கட்டும் பெருந்திட்டம் வகுத்தபோது, வரவேற்றவரும் உண்டு. தம் வீட்டை விட மறுத்துத் தெருவில் திரண்டவரும் உண்டு.

ஏன் மறுத்தனர்? தலைமுறையாய் ஓரறையில் ஒடுங்கியிருந்த குடும்பத்துக்குத் தன் கதவு, தன் அடுப்பு, தன் குளியலறை என்று முதன்முதலாய்க் கிடைத்த இடம் அது. உள்ளிருந்து கதவைத் தாழிட்டுக்கொள்ளும் உரிமை எத்துணைப் பெரிதென்பதை அது இல்லாதிருந்தோரே அறிவர்.

இளைஞர்களே! எந்தக் கட்டடத்தைக் கண்டாலும் அதன் உயரத்தை வியக்குமுன், உள்ளே குடியேறியவர் யார், வெளியே நிறுத்தப்பட்டவர் யார் என்று கேளுங்கள். அக்கேள்வியைக் கேட்கக் கற்பதே கல்வி.