மூன்றடித் தூரம்



1970ஆம் ஆண்டு. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் திடலில் பிரிட்டிஷ் ஓப்பன் கோல்ஃப் போட்டி. கடைசிக் குழி. அமெரிக்க வீரர் டக் சாண்டர்ஸ் பந்தைச் சுமார் 3 அடி தூரம் உருட்டிக் குழிக்குள் போட்டால் கோப்பை அவருடையது. தேர்ந்த ஆட்டக்காரர்தான். ஆனால் பந்து குழியை விலகிப் போனது. மறுநாள் நடந்த மறு ஆட்டத்தில் ஜாக் நிக்லஸ் ஒரே அடி வித்தியாசத்தில் வென்றார்.

கோல்ஃபில் 200 கஜம் பறக்கும் அடியும் ஓர் அடி. 3 அடி உருளும் அடியும் ஓர் அடி. குழியின் அகலம் 4.25 அங்குலம்தான். ஆனாலும் பலர் தூரமாக அடித்துப் பார்ப்பதையே பயிற்சி என்று நினைக்கிறார்கள். நன்றாகப் பழகுகிறவர்களோ குழியைச் சுற்றி 3 அடியில் பந்துகளை வட்டமாக வைத்து, ஒவ்வொன்றாக உருட்டுகிறார்கள். ஒன்று தவறினாலும் முதலிலிருந்து தொடங்குகிறார்கள். நாள்தோறும் இப்படிப் பழகிய கை நெருக்கடியில் எளிதில் நடுங்காது.

நம் வீட்டிலும் மூன்றடித் தூரத்தில் சில கடமைகள் உண்டு: கோபம் வரும்போது ஒரு பொறுமையான பதில், முதியவரிடம் "சாப்பிட்டீர்களா?" என்று ஒரு கேள்வி. இவை எளியவை என்பதாலேயே பழகாமல் விட்டுவிடுகிறோம். இன்று ஒன்றைத் தொடங்குவோம். தவறினால், நாளை முதலிலிருந்து தொடங்குவோம்.